ஐந்து பேர், ஐந்து இரவு: டிஸ்னி வேர்ல்டில் எங்கே தங்கினால் கட்டுப்படியாகும்?

கேட்டவர் தந்த விவரம் இது: கணவன், மனைவி, 9 வயது மகள், 4 வயது மகன், முழங்கால் வலியுள்ள மாமியார். ஜனவரிக் கடைசியில் ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில் 5 இரவு. பகல் முழுக்க டிஸ்னி வேர்ல்டு. கார் வாடகைக்கு எடுப்பதா என்று இன்னும் முடிவாகவில்லை. "டிஸ்னிக்குள்ளேயே இருக்கும் மலிவான ரிசார்ட்டில் தங்குவதா? வெளியே பாதி விலைக்கு ஹோட்டல் கிடைக்கிறதே, அங்கேயே தங்கிவிடலாமா?"

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். கார் வேண்டாம் என்றால் டிஸ்னிக்குள்ளேயே உள்ள பாப் செஞ்சுரி ரிசார்ட்டில் அடுத்தடுத்து இரண்டு அறை. கார் எடுக்கிறீர்கள், காலையும் இரவும் சொந்தச் சமையல் வேண்டும் என்றால் டிஸ்னியை ஒட்டிய லேக் புவேனா விஸ்டா பக்கத்தில் சமையல் வசதியுள்ள ஒரு சூட் (படுக்கையறையும் முன்னறையும் சேர்ந்த பெரிய அறைத் தொகுப்பு). இந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனையோ இடங்கள் உண்டு. ஆனால் உங்கள் ஐவருக்கும் அவை ஒவ்வொன்றும் ஏதோ ஓரிடத்தில் இடறும். அது எங்கே என்பதுதான் மீதிப் பதில்.

முதல் இடறல் தலைக்கணக்கு. டிஸ்னி தன் ஹோட்டல்களை வேல்யூ, மாடரேட், டீலக்ஸ் என்று மூன்று தரமாகப் பிரித்திருக்கிறது. வேல்யூ என்பதுதான் மலிவு வகை: ஆல்-ஸ்டார் மூவீஸ், ஆல்-ஸ்டார் மியூசிக், ஆல்-ஸ்டார் ஸ்போர்ட்ஸ், பாப் செஞ்சுரி, ஆர்ட் ஆஃப் அனிமேஷன் என ஐந்து ரிசார்ட்டுகள். இவற்றின் சாதாரண அறை 260 சதுர அடிதான். உள்ளே ஒரு பெரிய கட்டில். இன்னொன்று சுவரோடு மடிந்து பகலில் மேஜையாக நிற்கும், இரவில் இறக்கினால் கட்டில். நால்வருக்கு மேல் அனுமதி கிடையாது. 3 வயது நிரம்பாத குழந்தை தொட்டிலில் படுத்தால் அது கணக்கில் வராது. உங்கள் மகனுக்கு 4 வயது என்பதால் அவனையும் எண்ணியாக வேண்டும். அதாவது இணையத்தில் பார்த்த அந்த ஒற்றை அறை வாடகை உங்களுக்கு உதவாது. நால்வர் என்று போட்டு பதிவு செய்துவிட்டு ஐந்தாவது ஆளை உள்ளே கூட்டிப் போய்விடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பார்க்குக்குள் சீக்கிரம் நுழையும் சலுகை, ஹோட்டல் கதவைத் திறக்கும் கைப்பட்டை எல்லாமே முன்பதிவில் உள்ள பெயர்களோடு பிணைந்தவை.

இனி அந்தப் "பாதி விலை"க்கு வருவோம். கீழே நான் போடும் தொகைகள் கணக்குக்காக எடுத்தவை. உங்கள் தேதிக்குக் கிடைக்கும் விலையை அந்தந்த இடத்தில் போட்டுப் பாருங்கள். வெளியே ஒரு ஹோட்டல் இரவுக்கு 110 டாலர் என்று காட்டுகிறது. அதன்மேல் ரிசார்ட் கட்டணம் என்று ஒன்று வரும். 30 டாலர் என்று வைப்போம். நீச்சல் குளம், வைஃபை, அறையில் இரண்டு தண்ணீர் பாட்டில் இவற்றுக்கெல்லாம் சேர்த்து வாங்கும் காசு அது. வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆக 140. ஆர்லாண்டோ இருக்கும் ஆரஞ்சு கவுண்டியில் அறைக்கு 12.5 சதவீதம் வரி, 157.50. ஹோட்டலில் காரை நிறுத்த 20 சேர்த்தால் 177.50. காரில் பார்க்குக்குப் போனால் அங்கே நிறுத்தவும் கட்டணம் உண்டு; அதையும் நாளொன்றுக்கு 30 டாலர் என்று வைப்போம். ஒரே நாளில் இரண்டு பார்க்குக்குப் போனாலும் ஒரு முறை கட்டினால் போதும் என்பது சின்ன ஆறுதல். மொத்தம் 207.50.

இப்போது பாப் செஞ்சுரி அறை 190 என்று வையுங்கள். டிஸ்னியின் சொந்த ஹோட்டல்களில் ரிசார்ட் கட்டணம் கிடையாது. 2023 ஜனவரி முதல் தங்குபவர்களின் காருக்கு இரவு நிறுத்தக் கட்டணமும் இல்லை. அவர்கள் பார்க்கிலும் காரை இலவசமாகவே நிறுத்தலாம். ஆக வரி மட்டும்தான், 213.75. பாதி விலை என்று தெரிந்தது கடைசியில் 6 டாலர் வித்தியாசத்தில் வந்து நிற்கிறது. 2025 மே மாதத்திலிருந்து அமெரிக்காவில் ஹோட்டல்கள் ரிசார்ட் கட்டணத்தையும் சேர்த்தே விலையைக் காட்ட வேண்டும் என்று ஃபெடரல் டிரேட் கமிஷனின் விதி வந்துவிட்டது, அதனால் முன்பு போல் கடைசிப் பக்கத்தில் தலையில் அடிக்காது. ஆனால் வரியும் பார்க்கிங்கும் இன்னும் தனியாகத்தான் வரும். இன்னொரு நுணுக்கம்: மூன்று ஆல்-ஸ்டார்களும் இருப்பது பக்கத்து ஆஸியோலா கவுண்டியில், அங்கே வரி 13.5 சதவீதம். பெரிய தொகை இல்லை, ஆனாலும் ஒப்பிடும்போது வரியோடு ஒப்பிடுங்கள்.

இது நால்வருக்கான கணக்கு. உங்களுக்கு டிஸ்னிக்குள் இரண்டு அறை வேண்டும். வெளியே ஒரே சூட்டில் ஐவரும் அடங்கிவிடலாம். அங்கேதான் வெளியே உள்ள ஹோட்டலுக்கு உண்மையான பலம். சூட் 180 என்றால், ரிசார்ட் கட்டணம், வரி, இரண்டு பார்க்கிங்கும் சேர்த்து 286 டாலர். பாப் இரண்டு அறைக்கு 427.50. இரவுக்கு 141 டாலர் வித்தியாசம், 5 இரவுக்கு 700 டாலர். அதில் கார் வாடகையும் பெட்ரோலும் நாளுக்கு 60 போட்டால் 300 போய்விடும். மறுபக்கம், கார் இல்லாமல் பாப்புக்குப் போனால் விமான நிலையத்திலிருந்து வந்துபோகும் செலவு உண்டு. டிஸ்னி முன்பு இலவசமாக ஓட்டிக்கொண்டிருந்த மேஜிக்கல் எக்ஸ்பிரஸ் பஸ் 2022 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. ஐந்து பேரும் பெட்டிகளும் என்றால் சாதாரண டாக்ஸி போதாது. பெரிய வண்டி வேண்டும். ஃப்ளோரிடா சட்டப்படி 5 வயது வரை பிள்ளைகளைக் கார் சீட்டிலோ பூஸ்டரிலோதான் உட்கார வைக்க வேண்டும், அதையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். இதெல்லாம் கழிந்தபிறகும் வெளியே தங்குவது சில நூறு டாலர் மலிவுதான். அதை மறுக்கவில்லை. அந்தச் சில நூறுக்கு உள்ளே என்ன கிடைக்கிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

முக்கியமாகக் கிடைப்பது மத்தியானம். நாலு வயதுப் பையனும் முழங்கால் வலிக்காரரும் காலை 8 மணியிலிருந்து இரவு வாணவேடிக்கை வரை பார்க்கிலேயே தாக்குப்பிடிக்க மாட்டார்கள். ஒரு மணிக்கு அறைக்குத் திரும்பி, சாப்பிட்டு, படுத்து எழுந்து, ஐந்து மணிக்கு மறுபடி போக வேண்டும். இப்படிப் போய்வர முடிகிற ஹோட்டல்தான் உங்களுக்கு மலிவான ஹோட்டல். முடியாத ஹோட்டலில் தங்கினால், தலைக்கு நூறு டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய டிக்கெட்டில் பாதி நாளை விட்டுவிட்டு வருவீர்கள், அல்லது பையன் அழுதுகொண்டிருக்க யாராவது ஒருவர் அவனோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பீர்கள்.

"டிஸ்னியிலிருந்து 3 மைல்" என்று விளம்பரம் பார்த்தால் எந்த இடத்திலிருந்து என்று கேளுங்கள். டிஸ்னி வேர்ல்டு என்பது ஒரு பார்க் அல்ல. ஏறத்தாழ 40 சதுர மைல் நிலம். அதற்குள் மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ், அனிமல் கிங்டம் என்று நான்கு பார்க்குகள், பெரும்பாலும் ஒன்றுக்கொன்று நடந்துபோக முடியாத தூரத்தில். தெற்கில் உள்ள 192ஆம் நெடுஞ்சாலை ஹோட்டல்கள் டிஸ்னி எல்லையை ஒட்டியே இருக்கும், ஆனால் உங்கள் பிள்ளைகள் பார்க்கத் துடிக்கும் கோட்டை வடகோடியில். ஆகவே ஹோட்டலின் பெயரையும் "மேஜிக் கிங்டம்" என்பதையும் வரைபடத்தில் போட்டு, காலை 8 மணிக்கு எத்தனை நிமிடம் என்று பாருங்கள். இன்டர்நேஷனல் டிரைவ் பக்கம் தங்கினால் ஐ-4 நெடுஞ்சாலையில்தான் வரவேண்டும். அது எப்போது நிற்கும், எப்போது நகரும் என்று உள்ளூர்க்காரர்களாலேயே சொல்ல முடியாது.

மேஜிக் கிங்டம் விஷயத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, முதல்முறை போகிறவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. அந்தப் பார்க்கின் வாசலில் கார் நிறுத்துமிடம் கிடையாது. 1971இல் திறந்தபோதே அப்படித்தான் கட்டினார்கள்: காரை ஏரிக்கு இந்தப் பக்கம் உள்ள போக்குவரத்து, டிக்கெட் மையத்தில் நிறுத்த வேண்டும், பிறகு மோனோரயிலிலோ படகிலோ ஏறி அந்தப் பக்கம் போக வேண்டும். ஊபர் எடுத்தாலும், வெளி ஹோட்டலின் ஷட்டில் வண்டியில் வந்தாலும் பொதுவாக இறக்கிவிடுவது அந்த மையத்தில்தான். டிஸ்னி ஹோட்டலின் பஸ் மட்டும் நேரே பார்க் வாசலுக்குப் போய் நிற்கும். காலையில் இது பெரிதாகத் தெரியாது. இரவு வாணவேடிக்கை முடிந்து, தூங்கிப்போன பையனைத் தோளில் போட்டுக்கொண்டு, ஸ்ட்ரோலரை (குழந்தைத் தள்ளுவண்டி) மடித்து, மாமியாரைக் கைப்பிடித்து, ஆயிரக்கணக்கானவர்களோடு படகுக்கு நின்று, இறங்கி, கார் எந்த வரிசையில் என்று தேடும்போது தெரியும். வெளி ஹோட்டல்களின் "இலவச ஷட்டில்" பற்றியும் ஒரு வார்த்தை: நாளுக்கு எத்தனை முறை, கடைசி வண்டி எத்தனை மணிக்கு, வேறு எந்தெந்த ஹோட்டலில் நிற்கும் என்று ஹோட்டலுக்கே போன் போட்டுக் கேளுங்கள். மத்தியானம் வண்டியே இல்லையென்றால் அந்த ஷட்டில் உங்களுக்கு இல்லாததற்குச் சமம்.

சரி, உள்ளே என்று முடிவானால் எது? ஆல்-ஸ்டார் மூன்றும்தான் இருப்பதிலேயே மலிவு. அறை பாப்பில் உள்ளதைப் போலவேதான். வித்தியாசம் இரண்டு. முதலாவது, எங்கே போனாலும் பஸ் மட்டுமே. கூட்டம் குறைந்த நாட்களில் மூன்று ரிசார்ட்டுக்கும் சேர்த்து ஒரே பஸ் சுற்றிவருவதும் உண்டு. இரண்டாவது, டிஸ்னியின் விளையாட்டு அரங்க வளாகத்துக்கு வரும் அணிகள். ஜனவரி, பிப்ரவரியில் அங்கே பள்ளி, கல்லூரி மாணவிகளின் சியர்லீடிங், நடனப் போட்டிகள் நடக்கும். அணி அணியாக வந்து பெரும்பாலும் ஆல்-ஸ்டாரில்தான் தங்குவார்கள். இரவு பதினொரு மணிக்கு வராந்தாவில் கோஷப் பயிற்சி கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள். வேல்யூ ரிசார்ட் அறைகளின் கதவு பெரும்பாலும் வெளி வராந்தாவில்தான் திறக்கும், சத்தம் நேரே உள்ளே வரும். ஆர்ட் ஆஃப் அனிமேஷன் சூட்டுகள் மட்டும் உள்நடைபாதை உள்ள கட்டடங்களில் இருக்கின்றன.

பாப் செஞ்சுரியும் மலிவு வகைதான், ஆல்-ஸ்டாரைவிடக் கொஞ்சம் கூட. 2003இல் திறந்தது. ஐம்பதுகள் முதல் தொண்ணூறுகள் வரை பத்துப் பத்து ஆண்டாகப் பிரித்து அலங்காரம். எழுபதுகளில் ஒரு ராட்சத மூன்று சக்கர சைக்கிள், எண்பதுகளில் நாலு மாடி உயர ரூபிக் கனசதுரம். பெரியவர்களுக்கு இது கொஞ்சம் கூச்சலான அழகு, பிள்ளைகளுக்குத் திருவிழா. ஆனால் அதற்காக நான் இதைச் சொல்லவில்லை. 2019 செப்டம்பரில் ஸ்கைலைனர் என்ற கேபிள் கார் ஓடத் தொடங்கியது. பாப் செஞ்சுரிக்கும் ஆர்ட் ஆஃப் அனிமேஷனுக்கும் நடுவே ஏரிமேல் உள்ள பாலத்தில் ஒரு நிலையம். அங்கே ஏறி கரீபியன் பீச் ரிசார்ட்டில் மாறினால் ஒரு தடம் எப்காட்டுக்கு, இன்னொன்று ஹாலிவுட் ஸ்டுடியோஸ் வாசலுக்கு. பஸ் அட்டவணைக்குக் காத்திருக்க வேண்டாம், பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். ஸ்ட்ரோலரை மடிக்காமல் உருட்டிக்கொண்டே ஏறலாம். ஏறும்போது பெட்டி நிற்காமல் மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கும். மாமியாருக்கு அது தயக்கமாக இருந்தால் ஊழியரிடம் சொல்லுங்கள், பெட்டி நின்று ஏற்றிக்கொள்ளும் தனிப் பாதை இருக்கிறது. இடி மின்னல், பலத்த காற்று என்றால் சேவையை நிறுத்திவிட்டு பஸ் விடுவார்கள். ஜனவரியில் இடிமழைத் தொல்லை கோடைகாலம் போல் இருக்காது. நான்கு பார்க்கில் இரண்டுக்கு மத்தியானம் தடையில்லாமல் போய்வர முடிகிறது என்பதுதான் பாப்பின் கூடுதல் வாடகைக்கு நியாயம். மற்ற இரண்டுக்கும் பஸ்தான்.

இரண்டு அறைக்குப் பதில் குடும்ப சூட் எடுத்தால் என்ன என்று அடுத்து கேட்பீர்கள். ஆர்ட் ஆஃப் அனிமேஷனில் 565 சதுர அடியில், ஆறு பேர் தங்கும் சூட்டுகள் உண்டு. இரண்டு குளியலறை, மைக்ரோவேவ் வைத்த சின்ன சமையல் மேடை. பார்க்க அருமையாக இருக்கும், நீச்சல் குளமும் பெரியது. ஆனால் வேல்யூ என்ற பெயரில் மாடரேட்டைத் தாண்டிய விலை. பெரும்பாலான தேதிகளில் பாப்பில் இரண்டு அறை எடுத்தால் இதைவிடக் குறைவாகவோ ஏறக்குறைய அதே விலையிலோ முடிகிறது. கிடைப்பது நாலு கட்டில், இரண்டு குளியலறை, இரண்டு குளிர்பெட்டி, அதோடு இரண்டு கதவு. மகளும் பாட்டியும் ஒரு அறையில் ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துப் படுத்துவிடலாம். ஒரே அறையில் இரண்டு பேருக்கு மேல் பெரியவர்கள் இருந்தால் ஆளுக்கு ஒரு கூடுதல் தொகை போடுவார்கள். இரண்டாகப் பிரிந்தால் அதுவும் வராது. ஆல்-ஸ்டார் மியூசிக்கிலும் 520 சதுர அடி சூட் இருக்கிறது, அனிமேஷனைவிட மலிவு. பஸ்ஸும் சியர்லீடர்களும் பரவாயில்லை என்றால் அதன் விலையையும் ஒருமுறை பாருங்கள். ஆர்ட் ஆஃப் அனிமேஷனிலேயே மலிவாகக் கிடைக்கும் லிட்டில் மெர்மெய்ட் அறைகள் நால்வருக்குத்தான், அதோடு வரவேற்பறையிலிருந்து கடைக்கோடியில். முழங்கால் வலிக்கு ஆகாது.

ஒரே அறையில் ஐவர் என்றால் மாடரேட் வகையில் போர்ட் ஆர்லியன்ஸ் ரிவர்சைடு இருக்கிறது. அலிகேட்டர் பேயூ என்ற பகுதி அறைகளில் இரண்டு பெரிய கட்டிலோடு குழந்தை அளவுக்கு ஒரு சின்னப் படுக்கையும் உண்டு. உங்கள் மகனுக்குச் சரியாக இருக்கும். மரங்களும் ஓடையுமாக மனசுக்கு இதமான இடம், தனிப்பட்ட முறையில் எனக்குப் பாப்பைவிடப் பிடித்தது. ஆனால் அந்தக் கட்டடங்கள் இரண்டு மாடி, லிஃப்ட் கிடையாது. தரைத்தளம் கேட்கலாம், உறுதி தரமாட்டார்கள். ஐவருக்கும் ஒரே குளியலறை. பார்க்குகளுக்குப் பஸ் மட்டுமே, அதுவும் ரிசார்ட்டுக்குள்ளேயே நாலு நிறுத்தம் சுற்றிவிட்டுத்தான் கிளம்பும். மாமியார் வராத பயணமாக இருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

வெளியே, ஆனால் சமையல் தேவையில்லை என்றால் என் முதல் தேர்வு டிஸ்னி ஸ்பிரிங்ஸ் கடைவீதியை ஒட்டிய ஹோட்டல்கள். இவை டிஸ்னியின் சொந்தம் அல்ல, ஆனால் டிஸ்னி நிலத்திலேயே இருப்பவை. விலை பெரும்பாலும் குறைவு. டபுள்ட்ரீ சூட்ஸில் எல்லாமே சூட், படுக்கையறை தனி, முன்னறையில் சோஃபா கட்டில். ட்ரூரி பிளாசாவில் சூடான காலை உணவு வாடகையிலேயே அடக்கம். ஐந்து பேருக்கு ஐந்து நாள் காலைச் சாப்பாடு என்பது இந்த ஊரில் சின்னத் தொகை இல்லை. டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்களுக்குத் தினமும் எல்லாப் பார்க்கிலும் அரை மணி நேரம் முன்னதாக நுழைய அனுமதி உண்டு. இந்த ஹோட்டல்களுக்கும் அந்தச் சலுகையைக் கொடுத்து வருகிறார்கள். ஆண்டுக்காண்டு புதுப்பிக்கும் ஏற்பாடு அது, உங்கள் தேதிக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அரை மணி என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். கதவு திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு மூன்று சவாரி முடிகிற இடத்தில், மத்தியானம் ஒரு சவாரிக்கே அவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும். வரிசையைத் தாண்டிப் போகும் லைட்னிங் லேன் பாஸ் வாங்குவதாக இருந்தால், டிஸ்னி ஹோட்டல்காரர்கள் செக்-இன்னுக்கு 7 நாள் முன்பே தங்கும் நாட்கள் முழுவதுக்கும் நேரம் குறித்துவிடலாம், மற்றவர்களுக்கு 3 நாள்தான். ஜனவரிக் கடைசியில் இதற்கு நான் பெரிய மதிப்பு போடமாட்டேன். கிறிஸ்துமஸ் வாரத்தில் போடுவேன்.

கிஸ்ஸிமீ, டேவன்போர்ட் பக்கம் நீச்சல் குளத்தோடு தனி வீடு வாடகைக்குக் கிடைக்கிறது, விலையைப் பார்த்தால் ஆசை வரும். துப்புரவுக் கட்டணம், சேவைக் கட்டணம் எல்லாம் சேர்த்த கடைசித் தொகையைப் பாருங்கள். குளிர்காலத்தில் குளத்து நீரைச் சூடாக்கத் தனிக்கட்டணம் கேட்பார்கள். இரண்டு குடும்பம் சேர்ந்து பத்துப் பேர் வந்தால் அதற்கு நிகர் வேறில்லை. ஐவருக்கு அது வீண். மத்தியானம் திரும்பிவரும் தூரமும் இல்லை. அந்தப் பக்கத்து நெடுஞ்சாலையில் "மூன்று இரவு 99 டாலர்", "பாதி விலையில் டிஸ்னி டிக்கெட்" என்று பலகைகள் தென்படும். பெரும்பாலும் டைம்ஷேர் (ஆண்டுக்குச் சில நாள் தங்கும் உரிமை) விற்பனைக் கூட்டத்துக்குப் போய் உட்கார வேண்டும் என்ற நிபந்தனையோடு வருபவை. ஒன்றரை மணி நேரம் என்பார்கள், அரை நாள் போய்விடும்.

சாப்பாடு. வேல்யூ ரிசார்ட் அறையில் குளிர்பெட்டி உண்டு, மைக்ரோவேவ் கிடையாது. கீழே உணவுக்கூடத்தில் பொது மைக்ரோவேவ் இருக்கும். மளிகைச் சாமான் ஆன்லைனில் வாங்கி ஹோட்டலுக்கே வரவழைக்கலாம். பால், தயிர், ரொட்டி, பழம் இருந்தால் காலைச் சாப்பாடு அறையிலேயே முடியும். டிஸ்னி பார்க்குகளுக்குள் வெளிச்சாப்பாடு கொண்டுபோகலாம் என்பது பலருக்குத் தெரியாது: கண்ணாடிப் பாத்திரம், மது, உதிரி ஐஸ்கட்டி கூடாது. தயிர்சாதம் கட்டி ஐஸ் பேக்கோடு சின்னப் பெட்டியில் எடுத்துப் போனால் யாரும் தடுக்கமாட்டார்கள். சைவம் கிடைக்காத ஊரும் இல்லை. அனிமல் கிங்டம் லாட்ஜில் சனா என்ற உணவகத்தில் நான் ரொட்டி வகைகளை விதவிதமான சட்னிகளோடு தருவார்கள், பக்கத்தில் ஒட்டகச்சிவிங்கி மேய்வதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். தினமும் மூன்று வேளையும் சமைத்ததுதான் வேண்டும் என்று மாமியார் இருந்தால் அது வேறு கணக்கு. அப்போது அடுப்புள்ள வெளி சூட்தான் சரி. அறை வாடகையில் சேமிப்பது போக சாப்பாட்டிலும் நல்ல தொகை மிஞ்சும்.

தேதி உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. ஜனவரி நடுவில் வரும் மார்ட்டின் லூதர் கிங் விடுமுறை முடிந்து, பிப்ரவரி நடுவில் பிரசிடென்ட்ஸ் டே வருவதற்குள் உள்ள இடைவெளி ஆண்டின் மலிவான காலங்களில் ஒன்று. கோடை முடிந்த செப்டம்பர் இன்னும் மலிவு, ஆனால் புயல் பருவம். அதே அறைக்குக் கிறிஸ்துமஸ் வாரத்தில் இரட்டிப்பு வாடகை கேட்பார்கள். ஒரே வாரத்துக்குள்கூட வெள்ளி, சனி இரவுகள் கூடுதல், ஆகவே ஞாயிறு இரவு தொடங்கி வெள்ளி காலை முடியும்படி வைக்க முடிகிறதா பாருங்கள்.

பதிவு செய்யும்போது அறையையும் டிக்கெட்டையும் ஒரே பேக்கேஜாக வாங்காதீர்கள். தனி அறைப் பதிவுக்கு ஒரு இரவுத் தொகைதான் முன்பணம், வருகைக்கு ஒரு வாரம் முன்புவரை ரத்து செய்தால் அது முழுதும் திரும்ப வரும். பேக்கேஜுக்கு ஒரு மாதம் முன்பே முழுப் பணமும் கட்டியாக வேண்டும். டிஸ்னி அவ்வப்போது அறைத் தள்ளுபடி அறிவிக்கும். நீங்கள் ஏற்கெனவே பதிவு செய்திருந்தாலும், அந்தத் தள்ளுபடியில் உங்கள் வகை அறை மிச்சமிருந்தால் போன் செய்து பழைய பதிவுக்கே மாற்றிக்கொள்ளலாம். அவர்களாக மாற்றித் தரமாட்டார்கள்.

டிஸ்னி ஹோட்டலின் சலுகைகள் வந்திறங்கும் நாளிலும் கிளம்பும் நாளிலும் செல்லும். செக்-இன் மதியம் 3 மணிக்குத்தான் என்றாலும் காலையிலேயே பெட்டிகளை ஒப்படைத்துவிட்டுப் பார்க்குக்குப் போகலாம். கடைசி நாள் 11 மணிக்கு அறையைக் காலி செய்தபிறகும் அப்படியே. எனவே நள்ளிரவில் வந்து சேரும் விமானம் என்றால் அந்த முதல் இரவை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் மலிவான ஒற்றை இரவாக முடித்துவிட்டு, மறுநாள் காலை பாப்புக்கு மாறுங்கள். நாலு இரவு வாடகையில் ஐந்து நாள் சலுகை.

யூனிவர்சல் ஆர்லாண்டோவையும் (வேறு நிறுவனத்தின் பார்க்குகள்) பார்க்கும் எண்ணம் இருந்தால் அது தனி ஊர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பாப்பிலிருந்து தினமும் போய்வருவது சரிப்படாது. அங்கே எண்ட்லெஸ் சம்மர் ரிசார்ட்டின் சர்ஃப்சைடு, டாக்சைடு இரண்டிலும் இரண்டு படுக்கையறை சூட் ஆறு பேருக்குக் கிடைக்கும். ஐவர் குடும்பத்துக்கு டிஸ்னி பக்கம் இல்லாத விலை. 4 வயதுப் பையனுக்கு அந்தப் பார்க்குகளில் ஏற முடிந்த சவாரிகள் குறைவு என்பதால் இந்தமுறை அதை நான் சேர்க்கமாட்டேன்.

பாப் என்று முடிவெடுத்தால் இரண்டு அறையையும் ஒரே அழைப்பில் பதிவு செய்து, உள்கதவால் இணைந்த அறைகளாகக் கேளுங்கள். இரண்டு பதிவையும் ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லுங்கள். கட்டடங்கள் நாலு மாடி, லிஃப்ட் உண்டு. ஆனால் வளாகம் 2,880 அறைகள் கொண்டது, கடைசிக் கட்டடத்திலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு நடப்பதே மாமியாருக்குப் போதும் போதும் என்றாகிவிடும். வரவேற்பறைக்குப் பக்கத்துக் கட்டடங்களை "ப்ரிஃபர்டு" என்று கொஞ்சம் கூடுதல் வாடகைக்குத் தருகிறார்கள். பொதுவாக வேண்டாம் என்பேன், உங்களுக்கு மட்டும் வாங்குங்கள் என்கிறேன். ஆன்லைனில் செக்-இன் செய்யும்போது விருப்பம் கேட்கும் இடத்தில் "லிஃப்டுக்குப் பக்கம்" என்று ஒன்றை மட்டும் குறிப்பிடுங்கள். ஐந்தாறு எழுதினால் எது முக்கியம் என்று அறை ஒதுக்குகிறவருக்குத் தெரியாது. சக்கர நாற்காலியைப் பார்க் வாசலில் வாடகைக்கு எடுத்தால் அதை வெளியே கொண்டுவர முடியாது. ஹோட்டலுக்கே கொண்டுவந்து தரும் வெளி நிறுவனங்கள் உண்டு, ஐந்து நாளுக்கும் சேர்த்து அங்கே எடுத்துவிடுங்கள்.